சென்றாயனின் பகல் தூக்கம்

ஊரே வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் நேரத்தில் சென்றாயன் படுக்கையை விரிப்பான். ஏழு வருடமாக அப்படித்தான். வேப்பனப்பள்ளிப் பக்கமிருந்து வேலை தேடி ஓசூருக்கு வந்தவன், பாகலூரை ஒட்டிய ஒரு ஃபோர்ஜிங் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தான். இரும்பைச் சிவக்கக் காய்ச்சி, இரண்டு ஆள் உயர ஹேமருக்கு அடியில் வைத்து அடிக்கிற வேலை. இரவு ஷிஃப்டுக்கு மற்றவர்கள் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவுவார்கள். இவன் ஒருநாளும் மட்டம் போட்டதில்லை. அந்த நல்ல குணத்துக்காகவே கான்ட்ராக்டர் அவனை நிரந்தரமாக இரவில் போட்டுவிட்டார். ஒழுங்காக வேலை செய்கிறவனுக்கு இந்த உலகம் கொடுக்கிற பரிசு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது.

குடியிருந்தது வரிசை வீட்டில். ஒரே கூரையின் கீழ் ஆறு அறைகள், ஆறிலும் கம்பெனி ஆட்கள். யார் எப்போது தூங்குகிறார்கள் என்று மற்றவர்களுக்குத் தெரிய அங்கே ஒரு வழக்கம் உண்டு. கதவுத் தாழ்ப்பாளில் கம்பெனித் தொப்பி தொங்கினால் உள்ளே ஆள் தூங்குகிறான் என்று அர்த்தம். தொப்பியைப் பார்த்தால் கீரைக்காரம்மா கூவமாட்டாள். சிலிண்டர் போடுகிறவர்கூட உருட்டாமல் தோளில் தூக்கிக்கொண்டு வருவார். சென்றாயன் வீட்டுத் தொப்பி காலை எட்டரை முதல் மாலை நாலரை வரை தொங்கும்.

அவன் தூக்கமோ ஸ்பூன் விழுந்தால் கலைந்துவிடும் ரகம். மகள் ஜெயப்ரியாவுக்குப் பல் முளைத்த சமயத்தில் குழந்தை பகலெல்லாம் அழுது, மூன்று நாள் கண்ணைச் சரியாக மூடாமலே வேலைக்குப் போனான். மூன்றாம் நாள் இடுக்கி நழுவி, இடது கைச் சுண்டுவிரலில் பாதி போயிற்று. பாதி விரலோடு விட்டதே என்று அவன் மனைவி காவேரி கோயிலில் தேங்காய் உடைத்தாள். வீட்டுக்கு வந்ததும் சட்டம் போட்டாள். தொப்பி தொங்கும்போது இந்த வீட்டில் ஒரு குரல் கேட்கக்கூடாது.

சட்டம் போட்டால் போதுமா? தவழ்கிற பிள்ளைக்குத் தண்ணீர் வேண்டும், சோறு வேண்டும், பொம்மை வேண்டும். அதற்கு வழி கம்பெனியிலிருந்தே வந்தது. ஹேமர் விழுகிற இடத்தில் பக்கத்தில் நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் ஏறாது. அதனால் அங்கே எல்லாமே கைப்பேச்சுதான். கைகளை மார்பில் குறுக்காக வைத்தால் 'நிறுத்து'. ஆள்காட்டி விரலை மேலே சுழற்றினால் 'தூக்கு'. இரண்டு உள்ளங்கையையும் தேய்த்து விரித்துக் காட்டினால் 'முடிந்தது'. தலை உச்சியில் உள்ளங்கையை வைத்தால் வெள்ளை ஹெல்மெட் போட்ட சூப்பர்வைசர் வருகிறார், ஜாக்கிரதை. சென்றாயன் இதையெல்லாம் ஒரு சாயங்காலம் விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தான். காவேரி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை அவளைவிடக் கெட்டிக்காரி. இரண்டு வயதுக்குள் அம்மாவும் மகளும் அரை மணி நேரம் சண்டை போட்டுச் சமாதானமும் ஆகிவிடுவார்கள், படுத்திருப்பவனுக்கு வளையல் சத்தம்கூடக் கேட்காது.

நாலரைக்குத் தொப்பியை எடுத்தால்தான் ஜெயப்ரியா வாயைத் திறப்பாள். திறந்தால் மூடமாட்டாள். எறும்பு எங்கே போகிறது, அதற்கு அம்மா உண்டா, அதன் அம்மாவுக்கும் நைட் ஷிஃப்டா என்று அவன் ஒன்பது மணி கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்புகிறவரை ஓயாத பேச்சு. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் அந்தக் குரல் அவனோடு கொஞ்ச தூரம் வரும்.

இந்த ஜூனில் அவளை அரசு தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். கூட வேலை செய்யும் பிரதாப், வேன் வருகிற இங்கிலீஷ் ஸ்கூலில் போடாமல் இதென்ன என்று கிண்டல் செய்தான். தான் படித்த ஐந்து வகுப்பும் இப்படியொரு பள்ளியில்தான், அங்கே தன்னை யாரும் குறைவாக நடத்தியதில்லை என்ற நன்றி சென்றாயன் மனதில் இருந்தது. தவிர, பள்ளி இரண்டு தெரு தள்ளித்தான். காலையில் சூடாக உப்புமாவோ பொங்கலோ போடுகிறார்கள். பிள்ளை பள்ளிக்குப் போனதும் காவேரி ஒரு ரோஜாத் தோட்டத்துக்குப் பூ வெட்டும் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். எட்டிலிருந்து ஐந்து வரை வேலை. ஆகவே காலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பிள்ளையைப் பள்ளியில் விடுவது சென்றாயன் பொறுப்பு. மாலையில் அழைத்து வருவது பக்கத்து அறை லட்சுமியம்மாள். அவள் மகனும் அங்கே நாலாவது படித்தான்.

சென்றாயன் கேட்டைத் தாண்டி உள்ளே போகமாட்டான். கரி படிந்த யூனிஃபார்மும் இரும்பு வைத்த பூட்ஸுமாகப் போய் டீச்சர் முன்னால் நிற்கக் கூச்சம். பிள்ளை உள்ளே போய் உப்புமாத் தட்டை வாங்கி உட்காருகிறவரை கம்பி வழியாகப் பார்ப்பான், போய்ப் படுப்பான். பெற்றோர் கூட்டமெல்லாம் மூன்று மணிக்கு வைப்பார்கள். அப்போது இவனுக்கு நடுச்சாமம், காவேரிக்கு வேலை. ஒருமுறை லட்சுமியம்மாள் போய்விட்டு வந்து, உங்கள் பிள்ளை வாயே திறப்பதில்லையாம், டீச்சர் சொன்னார்கள் என்றாள். காவேரிக்குப் பெருமை தாங்கவில்லை. மற்றப் பிள்ளைகள் வால் இல்லாத குரங்குகளாகத் திரிய, தன் பிள்ளை மட்டும் அடக்கமாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டாள்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை பையில் ஒரு சீட்டு வந்தது. தலைமையாசிரியர் ஆஞ்சப்பன் எழுதியிருந்தார். பெற்றோரில் ஒருவர் நாளை கட்டாயம் வந்து வகுப்பாசிரியரைப் பார்க்கவும்.

மறுநாள் காலை சென்றாயன் குழாயடியில் முகத்தையும் கையையும் தேய்த்துக் கழுவிக்கொண்டு முதன்முறையாகக் கேட்டைத் தாண்டினான். சுஜாதா டீச்சர் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். மத்தூர்க்காரர், பதினெட்டு வருட சர்வீஸ், குரலை உயர்த்தாமலே முப்பது பிள்ளைகளை மேய்க்கிறவர். வீட்டில் என்ன பேசுவீர்கள், தெலுங்கா, கன்னடமா என்று முதலில் கேட்டார். அந்தப் பகுதியில் எல்லா டீச்சரும் முதலில் கேட்கிற கேள்வி அது. தமிழ்தான் என்றான் அவன்.

டீச்சர் கொஞ்சம் தயங்கினார். பிறகு ஒரு படிவத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஜெயப்ரியா பள்ளிக்கு வந்து ஆறு மாதம் ஆகப்போகிறது, இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. எழுதுகிறாள், படம் வரைகிறாள், சொன்னது புரிகிறது. குரல் மட்டும் இல்லை. அடுத்த திங்கட்கிழமை காதும் பேச்சும் பரிசோதிக்கிற முகாம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை மாலைக்குள் பெயர் அனுப்ப வேண்டும், பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்றார்.

ஹேமர் சத்தத்தில் சென்றாயனின் இடது காது ஏற்கெனவே கொஞ்சம் மந்தம். அந்த மந்தம் பிள்ளைக்கும் இறங்கிவிட்டதோ என்று ஒரு நொடி பயந்தான். அடுத்த நொடியே நேற்றுச் சாயங்காலம் எறும்பைப் பற்றிக் கேட்டது ஞாபகம் வந்தது.

"டீச்சர், வீட்ல வாயே மூடமாட்டாளுங்க. நெசமாலுங்க."

டீச்சர் அவனை இரக்கத்தோடு பார்த்தார். இப்படிச் சொன்ன எத்தனையோ அப்பா அம்மாவை அவர் பார்த்திருக்கிறார். பெற்ற மனசு குறையை ஒப்புக்கொள்ளாது என்பது அவர் அனுபவம். இது தண்டனை இல்லை, சீக்கிரம் கண்டுபிடித்தால் உதவிதான் செய்வார்கள் என்று பக்குவமாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டார்.

"உங்க வீட்ல காது கேக்காதவங்க, வாய் பேசாதவங்க யாராச்சும் இருக்காங்களா? ஏன்னா அவ சைகைல பேசறா. அந்தப் பாஷை எனக்குத் தெரியல."

செய்து காட்டினார். எழுதி முடித்துவிட்டால் உள்ளங்கைகளைத் தேய்த்து விரிக்கிறாள். பக்கத்துப் பிள்ளை பென்சிலைப் பிடுங்கினால் கைகளை மார்பில் குறுக்காக வைக்கிறாள். எழுந்திருக்க விரலை மேலே சுழற்றுகிறாள். இன்னொன்றுதான் எனக்கு மண்டையைக் குடைகிறது, எங்கள் ஹெச்.எம். சார் வராண்டாவில் நடந்து வந்தால் போதும், உள்ளங்கையைத் தலைமேல் வைத்துக்கொண்டு மற்றப் பிள்ளைகளையெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள் என்றார்.

சென்றாயன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். கம்பெனியில் தன் ஹேமர் ஷாப்பில் கரியும் வியர்வையுமாக நிற்கிற பத்துப் பேரும் பருத்திப் புடவை கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பதாக அவனுக்குத் தோன்றியது. சிரிப்பு பாதியிலேயே நின்றது. தன் தூக்கத்துக்காக அந்தப் பிள்ளையின் வாயை ஐந்து வருடமாகக் கட்டிப்போட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. மறைக்கக் கர்சீப்பைத் தேடினான், கிடைத்தது எண்ணெய்த் துணி.

தொப்பி, விரல், கைப்பேச்சு எல்லாவற்றையும் சொன்னான். தலைமேல் கை வைப்பதன் பொருள் தெரிந்ததும் டீச்சரும் சிரித்தார், வராண்டாப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். ஆனால் படிவத்தை எடுத்து உள்ளே வைக்கவில்லை. நீங்கள் சொல்வதை நம்புகிறேன், ஆனால் அவள் குரலை நான் கேட்கவில்லையே, காதில் கேட்காததை இருக்கிறதென்று எப்படி எழுதுவேன் என்றார். நியாயமான பேச்சு. சென்றாயன் வெள்ளிக்கிழமை வரை நேரம் கேட்டான். டீச்சர் சரி என்றார்.

அன்று அவன் தூங்கவில்லை. சாயங்காலம் காவேரி வந்ததும் சொன்னான். அடக்கமான பிள்ளை என்று நான்கு பேரிடம் பெருமை அடித்துக்கொண்டதை நினைத்து அவள் அழுதாள். அழுது முடித்து மகளை மடியில் இழுத்துவைத்து, ஸ்கூலில் ஏன் பேசமாட்டேன் என்கிறாய் என்று கேட்டாள். இதுகூடத் தெரியாதா என்று ஜெயப்ரியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா தூங்கறாருல்ல?"

"அப்பா ஊட்லதான கண்ணு தூங்கறாரு. நீ ஸ்கூல்ல இருக்கற."

"ஸ்கூல் பெல் அடிச்சா நம்ம ஊட்டுக்குக் கேக்குதில்ல? அப்ப நான் பேசனாலும் கேக்கும்ல? அப்பறம் அப்பா வெரலு?"

பள்ளி மணி வீட்டுக்குக் கேட்பது உண்மைதான். பிள்ளை கணக்கில் ஒரு தப்பும் இல்லை. ஆறு மாதமாக இரண்டு தெரு தள்ளி உட்கார்ந்துகொண்டு, பாட்டையும் கதையையும் சண்டையையும் விழுங்கி, அப்பனுடைய மிச்சம் ஒன்பதரை விரலையும் அவள் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். சென்றாயன் அன்று பஸ்ஸுக்குப் போகிறவரை அவளைக் கீழே இறக்கிவிடவில்லை.

வியாழக்கிழமை காலை கேட்டருகில் குந்தி உட்கார்ந்து, இன்றைக்கு அப்பா தூங்கப் போவதில்லை, நீ தைரியமாகப் பேசு என்றான். அவள் அவன் கண்களைப் பார்த்தாள். இரண்டு ராத்திரியும் ஒரு பகலும் தூங்காத கண், மிளகாய் பட்ட மாதிரி சிவந்திருந்தது. நம்பவில்லை. கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, 'சரி' என்பதற்கு ஷாப்பில் அதுதான், உள்ளே போனாள். அன்றும் பேசவில்லை என்று லட்சுமியம்மாள் வந்து சொன்னாள்.

பெற்றவர்களில் ஒருவர் பக்கத்தில் இருந்தால் பிள்ளை பேசுவாள் என்று காவேரிக்குத் தோன்றியது. வேலைக்கு லீவு போட்டுவிட்டு நானே போய் வகுப்பில் உட்காரட்டுமா என்றாள். நீ உட்கார்ந்தால் அப்பா வீட்டில் தூங்குகிறார் என்றுதான் அவள் நினைப்பாள், இது என் தூக்கத்தால் வந்த வினை, நான் முழித்திருப்பதை அவள் கண்ணால் பார்க்கட்டும், நானே போகிறேன் என்றான் சென்றாயன். அப்படியானால் நாளைக்கு ராத்திரி வேலைக்குப் போகக்கூடாது என்று காவேரி கறாராகச் சொன்னாள். ஏழு வருடத்தில் முதன்முறையாக அவன் கான்ட்ராக்டருக்குப் போன் போட்டு, வெள்ளி இரவு வரமாட்டேன் என்றான். காரணம் கேட்டார். பாப்பா ஸ்கூலில் வேலை இருக்கிறது என்றான். சொல்லும்போது கொஞ்சம் கௌரவமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸை விட்டு இறங்கி, குளித்து, கல்யாணங்களுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மகளோடு வகுப்புக்குள் நுழைந்தான். டீச்சர் கடைசி வரிசையில், சுவரோரமாக ஒரு பாய் போடச் சொன்னார். பிள்ளைகளுக்கு வேடிக்கை. பாதிப் பேர் பின்னால் திரும்பியே உட்கார்ந்திருந்தார்கள்.

"ஜெயப்ரியா, அங்க பாரு. அப்பா முழிச்சிட்டுத்தான இருக்காரு?" என்றார் டீச்சர்.

பார்த்தாள். தலையை ஆட்டினாள். டீச்சர் பாட்டு ஆரம்பித்தார். முப்பது பிள்ளைகள் கூரை அதிரப் பாடினார்கள். ஜெயப்ரியாவின் உதடுகள் அசையவில்லை. நிமிடத்துக்கு ஒருதரம் திரும்பி அவன் கண்ணைப் பார்த்தாள். அவனும் கண்ணை அகல விரித்துக் காட்டினான். பாட்டு முடிந்து கதை வந்தது, கதை முடிந்து எண்கள் வந்தன. மேஜைமேல் சாக்பீஸ் பெட்டிக்கு அடியில் அந்தப் படிவம் இருந்தது. சென்றாயனுக்கு அதன் ஓரம் தெரிந்துகொண்டே இருந்தது. கடவுளே, ஒரே ஒரு வார்த்தை, என்ன வார்த்தையானாலும் சரி என்று வேண்டிக்கொண்டான்.

பதினொரு மணிக்கு ஜன்னல் வழியாக வெயில் அவன் மடியில் விழுந்தது. நவம்பர் மாதத்து ஓசூர் வெயில், போர்வை போர்த்திய மாதிரி இதமானது. பிள்ளைகள் ஒன்று இரண்டு என்று நூறு வரை கோரஸாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். தொடையைக் கிள்ளிக்கொண்டான். நாக்கைக் கடித்துக்கொண்டான். நாற்பதோ நாற்பத்தொன்றோ, அதற்குமேல் அவனுக்கு நினைவில்லை. ஸ்பூன் விழுந்தால் எழுந்துகொள்கிறவன், முப்பது பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவில் சுவரில் சாய்ந்து வாயைப் பிளந்துகொண்டு தூங்கிப்போனான்.

அதற்குப் பிறகு நடந்ததை டீச்சர்தான் பின்னால் காவேரியிடம் சொன்னார். ஐம்பத்தைந்து வரும்போது ஜெயப்ரியா திரும்பிப் பார்த்திருக்கிறாள். உடனே எழுந்து நின்று கைகளை மார்பில் குறுக்காக வைத்திருக்கிறாள். யாரும் நிறுத்தவில்லை, ஐம்பத்தாறு ஐம்பத்தேழு என்று போய்க்கொண்டே இருந்திருக்கிறார்கள். பக்கத்தில் இருந்தவன் முகத்துக்கு நேரே போய் வைத்துக் காட்டினாள். அவன் நாக்கைத் துருத்தினான். வரிசை வரிசையாக ஓடி ஒவ்வொருவர் முன்னாலும் நின்று காட்டினாள். ஹேமர் அடிக்கிற ஷாப்பில் அந்தச் சைகைக்குப் பத்து டன் இயந்திரமும் நிற்கும். ஒன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் அது தெரியவில்லை. டீச்சருக்குத் தெரியும். தெரிந்தும் அவர் வாயை இறுக மூடிக்கொண்டு சும்மா நின்றார்.

சென்றாயனை எழுப்பியது அந்தக் குரல்தான்.

"எல்லாரும் வாய மூடுங்க. எங்கப்பா தூங்கறாரு."

வகுப்பு கப்சிப்பென்று அடங்கியது. சென்றாயனுக்கு நன்றாக முழிப்பு வந்துவிட்டது. கண்ணைத் திறக்கப் போனவன், ஏதோ ஒரு புத்தி தடுத்து, திறக்காமல் இருந்தான்.

டீச்சர் மெதுவாக நடந்து வரும் செருப்புச் சத்தம் கேட்டது. ஏன் தூங்குகிறார் என்று, நாள்தோறும் அவளோடு பேசிப் பழகியவர்போல் சாதாரணமாகக் கேட்டார்.

"ராத்திரி பூரா வேலை செஞ்சாரு. இரும்பு செவப்பா இருக்கும். அப்பாதான் புடிப்பாரு. தூங்கலைன்னா வெரலு போயிடும்."

"எந்த வெரலு? சத்தமா சொல்லு கண்ணு, முன் வரிசைக்குக் கேக்கல."

"சத்தமா சொன்னா அப்பா முழிச்சுக்குவாரு டீச்சர்."

"முழிச்சுக்கமாட்டாரு. நீ சொல்லு, நான் பாத்துக்கறேன்."

தன்மேல் முப்பது ஜோடிக் கண்கள் இருப்பதும் அதில் ஒரு ஜோடி மிக அருகில் குனிந்து பார்ப்பதும் சென்றாயனுக்குத் தெரிந்தது. அவள் மூச்சு கன்னத்தில் பட்டது. அவன் இமையை அசைக்காமல், ஒரே சீராக மூச்சு விட்டான். போதாது என்று லேசாகக் குறட்டையும் விட்டான்.

நம்பிவிட்டாள். முதலில் சுண்டுவிரலைச் சொன்னாள். பிறகு ஹேமர் எவ்வளவு உயரம் என்று சொன்னாள். பிறகு கம்பெனி பஸ், வெள்ளை ஹெல்மெட், தொப்பி, கீரைக்காரம்மா, எறும்பு. ஒவ்வொன்றுக்கும் குரல் ஒரு படி ஏறியது. யாரோ ஒரு பையன் நடுவில் பேச, நான் சொல்லி முடிக்கிறேன் இரு என்று அவனை அதட்டினாள். பிள்ளைகள் சிரித்தார்கள், அவளும் சேர்ந்து சிரித்தாள். முன்னால் மேஜையருகில் சாக்பீஸ் பெட்டி நகருகிற சத்தமும், ஒரு காகிதத்தை நாலாக மடிக்கிற சத்தமும் கேட்டன.

சென்றாயனுக்குக் கண்ணோரம் ஈரமாகி மூக்கு நுனி அரித்தது. கையைத் தூக்கிச் சொறிந்தால் பிள்ளை நிறுத்திவிடுவாள். சாப்பாட்டு மணி அடிக்கிறவரை, கல் மாதிரி அசையாமல், அவன் தூங்கிக்கொண்டே இருந்தான்.